ஈகையும் அளவையும்

இல்லாதார்க்கு உதவுதல் அறமென்பதில் எச்சமயத்தார்க்கும் ஐயமில்லை. உதவியபின் அதனாற் பயன் விளைந்ததோவென அளந்து பார்த்தல் அவ்வறத்திற்கு இழுக்காமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. பயன் கருதாமற் செய்வதே சிவபுண்ணியமாதலின், அளந்து பார்ப்பது வாணிகமாம் என்பர் ஒருசாரார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிற்று. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமெனக் கூலியைக் குறைத்தார். சுகாதார ஆணையர் கார்னிஷ், கூலியாட்களின் உடல்மெலிவைக் காட்டி அதனை மறுத்தார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. ஆண்டு அளவையே அருளுக்குத் துணையாயிற்று.

அப்பஞ்சத்தின்பின் வலுப்பெற்றது பெரியாற்று அணைத்திட்டம். பென்னிகுயிக் மேற்பார்வையில் 1887-இல் தொடங்கிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கிற் புகுந்து வையையை அடைந்தது. கழனி இருபோகம் விளைந்ததென்னும் அளவில் ஆராய்ச்சி முடியலாகாது. நிலமுடையார்க்கு அப்பயன் நேரே எய்தும். நிலமில்லா உழைப்பாளிக்கோ வேலைநாளும் கூலியும் மிகுந்தாலன்றி எய்தாது. ஆகலின் எவர் பசி தணிந்ததென வினாவுதல் வேண்டும்.

2019-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ, மைக்கேல் கிரெமர் என்போர், மக்களைச் சீட்டெடுத்தாற்போல இரு குழுவாகப் பிரித்து, உதவி பெற்றாரையும் பெறாதாரையும் ஒப்பிடும் முறையைப் பரப்பினர். உள்ளவிடத்து உண்மையும் இல்லவிடத்து இன்மையும் கண்டு துணிதல், சித்தாந்தம் கொள்ளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றளவையுட் கருதலின் பாற்படும்.

வறுமை வினைப்பயனாயின் உதவியால் ஆவதென்னையெனின், கூறுதும். வினை சடமாதலின் தானே பயனூட்டாது, ஊட்டுவான் இறைவனே. அவன் கொள்ளுங் கருவிகளுள் உயிர்களின் இரக்கமும் ஒன்றாகலாம். பசித்தவனுக்கு இன்னும் பசித்திருத்தலே விதியெனத் துணிதற்குச் சிற்றறிவினராகிய மாந்தர்க்கு உரிமையில்லை.

இனி, முதற்கண் எழுந்த தடைக்கு விடை எளிது. ஈவோன் துறக்கவேண்டுவது தன் பயனை, பெறுவோன் பயனையன்று. நோயாளி பிழைத்தானோவென நோக்காத மருத்துவனைப் பற்றற்றவன் என்பாரில்லை. புகழும் புண்ணியமும் எண்ணி ஈதல் பற்று. கொடுத்தது சென்று சேர்ந்ததோவென நோக்காமை அன்பின்மை. இவ்விரண்டும் நீங்கிய ஈகையே சிவனுக்கு உவப்பாவதென்க.

திருச்சிற்றம்பலம்.