போதனையின் அதிகாரம்

சமயப் போதகர் ஒருவர் பிறருக்கு வாழ்க்கைநெறி கூற முற்படும்போது, அவ்வாறு கூறும் உரிமையை அவருக்கு அளிப்பது யாது? திருச்சபை வழங்கிய குருப்பட்டமா, கையிலுள்ள திருமறையா, அன்றேல் அவர் வாழும் வாழ்வா? கிறிஸ்தவ உலகம் தொன்றுதொட்டு எழுப்பிவரும் இவ்வினாவுக்குக் கண்டி மாநகரின் வரலாறு தரும் விடை ஆழ்ந்து நோக்கற்பாலது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, தமது சீர்திருத்தத் திருச்சபையை அரசின் துணையுடன் நிலைநாட்டினர். அரச பதவி, விவாகப் பதிவு, முதுச உரிமை ஆகியன ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டன. போதகரின் சொல்லுக்குப் பின்னால் அரசாணை நின்றது. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும், ஏடுகளில் பதிவாகியிருந்தோரிற் பெருந்தொகையினர் விரைவிலேயே அச்சபையை விட்டகன்றனர். ஆணை பணிவைப் பெற்றுத்தரலாம், நம்பிக்கையைப் பெற்றுத்தராது.

இதற்கு மாறானது யோசே வாஸ் அடிகளாரின் வரலாறு. கோவாவைச் சேர்ந்த அவர் 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்தார். 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றரெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் வைசூரி நோய் கண்டியைப் பீடித்தது. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். அடிகளார் சமய பேதமின்றி அவர்களைப் பேணினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். 1711இல் கண்டியிலேயே அவர் மறைந்தார். 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

போதகரின் வாழ்வே அதிகாரத்துக்கு அடிப்படையெனின், குறையுடையோர் கூறும் உண்மை உண்மையாகாதா என்னும் தடை எழும். தொனாத்தியரோடு வாதிட்ட அகுஸ்தீனார், திருவருட்சாதனத்தின் பயன் குருவின் ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று என வலியுறுத்தினார். மறைநூல் அறிஞர் சொல்வதைக் கடைப்பிடிக்குமாறும் அவர்கள் செய்வதைப் பின்பற்றாதிருக்குமாறும் இயேசு அறிவுறுத்தியதை மத்தேயு நற்செய்தி கூறுகின்றது. எனவே சொல்லின் உண்மை வேறு. அச்சொல்லைச் செவிமடுக்குமாறு பிறரிடம் கோரும் தகுதி வேறு. முன்னது போதகரைச் சார்ந்ததன்று. பின்னது அவரது வாழ்வைச் சார்ந்தது.

எனினும் தொண்டிலும் ஓர் ஆபத்து உண்டு. நோயுற்றவன் நன்றிக்கடனால் இணங்கக்கூடும். அந்நிலையில் தொண்டே ஆணையின் மென்மையான வடிவமாகிவிடும். ஈண்டு கண்டியரசனின் நிலை சிந்தனைக்குரியது. இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரை மதித்தான், போதிக்கவும் அனுமதித்தான். ஆயினும் பௌத்தனாகவே வாழ்ந்தான். வைசூரி பரவிய அதே 1697ஆம் ஆண்டிலே, உபசம்பதாவை மீண்டும் நிலைநிறுத்த அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். அவன் அளித்த மதிப்பு மதமாற்றமாக முடியவில்லை. அதன் பொருட்டு அடிகளாரும் தமது பணியைக் கைவிட்டாரல்லர்.

மறுக்கும் உரிமை உடையவன் அளிக்கும் இசைவே பொருளுடைய இசைவாகும். ஆகவே, போதகரின் அதிகாரத்துக்கு உரைகல், அவரது சொல்லை ஏற்றோரின் தொகையன்று. ஏற்க மறுத்தோரிடத்தும் குன்றாது நிற்கும் அவரது அன்பேயாகும்.