கண்ணீருக்கு இடமுண்டு, காரணத்துக்கு?

வறுமையைத் தீட்டிய ஓவியத்தைச் சீமான் விலை கொடுத்து வாங்குகிறான். வரவேற்பறையிலே மாட்டுகிறான். வருவோரிடமெல்லாம், “அந்தக் கிழவியின் கண்களிலே எத்தனை சோகம், பார்த்தீரா!” என்று உருகுகிறான். உருகட்டும், உள்ளம் முற்றிலும் வற்றிவிடவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் அதே ஓவியன், அந்தக் கிழவியின் குடிசைக்கு வாடகை பெறுபவர் இன்னார் என்று படத்தின் அடியிலே எழுதிவிட்டால்? சோகம் இனிக்கிறது, முகவரி கசக்கிறது!

இன்று உலகின் பெருநகரங்களிலே, ஒரே கலைஞரின் படைப்புகளை மட்டும் கொண்ட தனிக் கண்காட்சிகள் பல நடைபெறுகின்றன. தன் நோய், தன் வீட்டிலே நிகழ்ந்த சாவு, தன் உடல் பட்ட அடி, தன் இனம் சுமந்த இழிவு ஆகியவையே அங்கு கருப்பொருள். மன்னரின் மீசையையும் மகான்களின் ஒளிவட்டத்தையும் தீட்டிக்கொண்டிருந்த தூரிகை, மனிதனின் வேதனைப் பக்கம் திரும்பியது பெரும் முன்னேற்றம், மறுப்பார் இல்லை. எனினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு, தோழர்களே! வேதனையைக் காட்டுவதோடு கலைஞரின் கடமை முடிந்துவிடுகிறதா? வேதனையை விளைவித்தோரின் பெயர் அதே மண்டபத்து வாயிலிலே பொறிக்கப்பட்டிருந்தால், அவர் என் செய்வது?

நியூயார்க் நகரத்துக் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 1971-ஆம் ஆண்டு ஹான்ஸ் ஹாக்கே என்பவரின் தனிக் கண்காட்சி நடப்பதாக இருந்தது. ஜெர்மனியிலே பிறந்து அமெரிக்காவிலே குடியேறியவர் அவர். காட்சிக்கு அவர் சித்தப்படுத்தியவற்றுள் ஒன்று, 142 நிழற்படங்கள். அழகிய மங்கையர் அல்லர், அந்திவானம் அன்று, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஹார்லம் போன்ற பகுதிகளின் கட்டடங்களும் காலி மனைகளும்! ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு: எந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளது, எவரிடமிருந்து எவருக்குக் கைமாறியது, அடமானம் எவ்வளவு. நிறுவனப் பெயர்கள் பல. படித்துக்கொண்டே போனால், பல பெயர்களுக்கும் பின்னே நிற்பது ஒரே கூட்டம் என்பது புலப்படும். ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. எல்லாம் எவரும் சென்று பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளிலிருந்து எடுத்தவை.

திறப்பு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது, இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் கண்காட்சியை நிறுத்தினார். சமூக, அரசியல் நோக்கங்களுக்குக் கலைக்கூடம் களமாகலாகாது என்பது அவர் வாதம். ஹாக்கேவின் பக்கம் நின்ற பொறுப்பாளர் எட்வர்ட் ஃபிரை பதவி இழந்தார். அந்தக் கட்டடங்களுக்கும் அருங்காட்சியகத்து அறங்காவலர்களுக்கும் தொடர்பு உண்டென எவரும் மெய்ப்பிக்கவில்லை; அதையும் சொல்லத்தான் வேண்டும். தொடர்பு இல்லாதபோதே இத்தனை நடுக்கமா! பொதுவாகக் ‘கொடுமை’ என்றிருந்தால் கைதட்டியிருப்பார்கள். ‘இன்ன தெரு, இன்ன எண், இன்னாருடையது’ என்றதுதான் பொறுக்கவில்லை.

அதே குகன்ஹைம். 2019 பிப்ரவரி. வளைந்து வளைந்து மேலேறும் அதன் நடைபாதையின் உயரத்திலிருந்து ஏராளமான தாள்கள் பனிபோல் உதிர்ந்தன. மருத்துவர் எழுதித்தரும் மருந்துச் சீட்டுப்போல் அச்சிட்ட தாள்கள். உதிர்த்தோர், நேன் கோல்டின் என்னும் நிழற்படக் கலைஞரும் அவருடைய தோழர்களும்.

கோல்டின் தம் வாழ்வையே படமாக்கியவர். காதலன் அடித்து வீங்கிய தம் முகத்தை 1984-இல் ஒளிக்காமல் படமெடுத்து உலகம் பார்க்க வைத்தவர். அடங்காத பெண் என்று மனநோய் விடுதிகளிலே அடைக்கப்பட்டு, 1965-இல் 18 வயதிலே தற்கொலை செய்துகொண்ட தமக்கையைப் பற்றித் தனிப் படைப்பே செய்தவர். ‘குடும்ப மானம்’ என்று ஊரார் மூடி வைப்பதை மூடாமல் வைத்ததே அவர் கலை.

அறுவைச் சிகிச்சையை ஒட்டி ஆக்ஸிகான்டின் என்னும் வலிநீக்கி மாத்திரை அவருக்குத் தரப்பட்டது. பழக்கம் பற்றிக்கொண்டது, சாவின் வாயில்வரை சென்று 2017-இல் மீண்டார். மீண்டவர், அந்தத் துயரையும் படமாக்கிச் சட்டமிட்டு மாட்டிவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஓயவில்லை. விற்றவர் யார் என்று கேட்டார். பர்டியூ நிறுவனம், 1996-இல் மாத்திரையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2007-இல் அதன் இணை நிறுவனமும், 2020-இல் அதுவுமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. மருத்துவர் தந்தவையும் கள்ளச் சந்தையில் வந்தவையுமான அபின் வகைப் பொருள்களால் 1999 முதல் 2019 வரை அமெரிக்காவில் மாண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம். நிறுவனத்தின் உரிமையாளராய் இருந்தோர், சாக்லர் குடும்பத்தார். தாங்கள் தவறிழைக்கவில்லை என்பது அவர்கள் கூற்று. அந்தப் பெயரைக் கோல்டின் முன்னரே அறிவார். மருந்துக் கடையிலே அன்று, அருங்காட்சியகச் சுவர்களிலே!

“எப்படி வந்த பணமானால் என்ன? பலருக்குப் பயன்படும் கலைக்கூடத்துக்குத்தானே தருகிறார்கள்?” என்பார் உளர். புதிய வாதமா இது? ஊரை உறிஞ்சியவன் உச்சிக்காலப் பூசைக்கு நிலம் எழுதிவைத்தால், உறிஞ்சிய பாவம் கரைந்துபோகும் என்று புரோகிதன் சொன்னானே, அந்த வாதமன்றோ! நம் கோயில்களிலே ‘உபயம்’ என்று எழுதிய குழல்விளக்கைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து மறைத்ததுபோக மிஞ்சியதுதான் வெளிச்சம். கடவுள் இருந்த பீடத்திலே கலையை அமர்த்தினார்கள். கழுவாய்ச் சடங்கு மட்டும் மாறவில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. அதை ஒதுக்குவது நேர்மையாகாது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் சாக்லர் மண்டபம் திறக்கப்பட்டது 1978-இல். மாத்திரை வந்ததோ 1996-இல். அந்தக் கட்டடத்துப் பணத்திலே இந்த இரத்தக் கறை இல்லை! உண்மை. ஆனால் சுவரிலே பொறித்த பெயர், பழைய வரவுக்கு எழுதிக்கொடுத்த பற்றுச்சீட்டு அன்று. அது நாள்தோறும் மரியாதை என்னும் ஊதியத்தை ஈட்டிக்கொண்டேயிருக்கிறது. “இத்தகைய புரவலரா தீங்கு செய்வார்?” என்று காண்போரை எண்ண வைக்கிறது. பணம் பழையது, அது தரும் பாதுகாப்புப் புதியது. 2018 மார்ச்சில் கோல்டினும் தோழர்களும் அந்த மண்டபத்து நீர்த்தடாகத்திலே மருந்துப் புட்டிகளை வீசி, தரையிலே பிணம்போல் கிடந்தது அதற்காகத்தான்.

முழக்கம் எளிது, இழக்கத் துணிவது அரிது. இலண்டன் தேசிய உருவப்பட அரங்கிலே கோல்டினுக்குப் பெருங்கண்காட்சி நடத்தப் பேச்சு நடந்தது. அதே அரங்குக்குச் சாக்லர் அறக்கட்டளை 10 இலட்சம் பவுண்டு தருவதாக இருந்தது. அதைப் பெற்றால் என் படங்கள் வாரா என்றார் அவர். 2019 மார்ச்சில் அந்த நன்கொடை கைவிடப்பட்டது. டேட் கலைக்கூடமும் குகன்ஹைமும் இனி அக்குடும்பத்துக் கொடை வேண்டாவென அடுத்தடுத்து அறிவித்தன. 1971-இல் சுவர் கலைஞரை மறுத்தது. 2019-இல் கலைஞர் சுவரை மறுத்தார்!

எல்லாராலும் இது இயலுமா? கோல்டின் புகழ் பெற்றவர்; மறுத்தால் பசி வாராது. முதற் கண்காட்சிக்கு ஏங்கி நிற்கும் இளங்கலைஞன் மறுத்தால், அவன் இடத்துக்கு வேறொருவன் வருவான். அறங்காவலருக்கு அவன் மறுத்ததுகூடத் தெரியாது. அவனிடம் இந்தத் தியாகத்தை நான் கேட்கமாட்டேன். பெயர் பெற்றோரிடம் கேட்பேன். அவர்கள் பெயருக்குத்தான் மண்டபங்கள் அஞ்சுகின்றன.

2021 டிசம்பரில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் சாக்லர் பெயரை அந்த மண்டபத்திலிருந்து எடுத்துவிட்டது. ஹாக்கேவின் 142 படங்களையோ, நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2007-இல் பார்சிலோனாக் கலைக்கூடத்தோடு சேர்ந்து விலைக்கு வாங்கியிருந்தது. தடுக்கப்பட்டு 36 ஆண்டுகள் கழித்து, அந்த முகவரிகளெல்லாம் பழங்கதையான பின்பு!