கொடுத்ததைத் திரும்பக் கேட்பது பாவமா?

மகன் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்த தாய், அதே வீட்டில் ஒருவேளைச் சோற்றுக்கு மருமகள் முகத்தைப் பார்த்து நிற்க நேர்ந்த பிறகும் அதிகாரி முன்னால் போய் நிற்கத் தயங்குகிறார். சட்டம் தெரியாதது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் பாவம் வந்து சேரும் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். பெற்ற பிள்ளையிடமே கேட்பதென்றால் அந்த அச்சம் இன்னும் கூடுகிறது.

இதற்குப் பின்னால் நீண்ட கதை மரபு உண்டு. மகாபாரதத்திலும் பாகவதத்திலும் வரும் நிருகன் எண்ணற்ற பசுக்களைத் தானம் செய்த அரசன். ஒருவருக்குக் கொடுத்த பசு வழிதவறி அரண்மனை மந்தையில் கலந்துவிட, அறியாமல் அதையே இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டான். அந்தப் பிழைக்காக ஓணானாகப் பிறந்து கிணற்றில் கிடந்தான், கண்ணன் கைபட்டே மீண்டான். தெரியாமல் செய்ததற்கே இந்தத் தண்டனை என்றால், தெரிந்தே திரும்பக் கேட்பவர் கதி என்ன என்று கதை கேட்பவர் மனம் நடுங்காதா?

ஆனால் பழைய நீதிநூல்கள் இவ்வளவு இறுக்கமாக இல்லை. கொடுத்ததைத் திரும்பப் பெறுவது பற்றிய வழக்கை, அரசன் விசாரிக்க வேண்டிய பதினெட்டு வழக்குத் தலைப்புகளில் ஒன்றாக மனுநூல் வைத்திருக்கிறது. நாரத ஸ்மிருதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அச்சத்தில், சினத்தில், துயரத்தில், வஞ்சனையால் கொடுத்தவற்றைக் கொடுத்ததாகவே அது கருதுவதில்லை. ‘இவர் எனக்கு இன்னது செய்வார்’ என்ற எதிர்பார்ப்போடு கொடுத்ததையும் அதே பட்டியலில்தான் சேர்க்கிறது. வயதான காலத்தில் பார்த்துக்கொள்வான் என்று நம்பி வீட்டைக் கொடுத்தவரின் நிலை இதற்கு எவ்வளவு நெருக்கமானது!

இஸ்லாமிய மரபிலும் இதே கேள்வி உண்டு. கொடுத்த அன்பளிப்பைத் திரும்பப் பெறுவதை நபிமொழி வன்மையாகக் கண்டிக்கிறது. ஆனால் தந்தை தன் பிள்ளைக்குக் கொடுத்ததற்கு மட்டும் ஒரு விலக்கு சொல்கிறது. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஷாஃபி மரபு அந்த விலக்கை ஏற்கிறது. ஹனஃபி மரபோ நெருங்கிய ரத்த உறவுக்குக் கொடுத்து ஒப்படைத்ததைத் திரும்பப் பெற இடமளிப்பதில்லை. தமிழ்நாட்டின் மரைக்காயர்கள் பெரும்பாலும் முன்னதையும் ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்னதையும் பின்பற்றுகிறவர்கள். ஒரே நபிமொழியை மதிக்கிறவர்களே இந்தக் கேள்வியில் இருவேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், இது எளிய கேள்வி இல்லை.

இந்தியாவின் பொதுச் சட்டம் நெடுங்காலம் கடுமையாகவே இருந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 126இல், கொடுத்தவர் நினைத்த நேரத்தில் தானத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. கொடுத்தவர் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வு நடந்தால் ரத்தாகும் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டிருந்தாலோ, ஒப்பந்தத்தையே ரத்து செய்யத்தக்க மோசடி, வற்புறுத்தல் போன்ற காரணம் இருந்தாலோதான் வழி. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குக் கிரையப் பத்திரத்தைவிட முத்திரைத் தீர்வை மிகக் குறைவு. அதனால் பெற்றோர் பலர் உயிருடன் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்’ என்ற வரியும் பத்திரத்தில் வழக்கமாக ஏறிவிடுகிறது. படித்துப் பார்க்காமலே கைநாட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. அடிப்படை வசதிகளும் உடல்தேவைகளும் கவனிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயதைக் கடந்தவர் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யாமல் போனால், அந்தக் கொடை மோசடியால் பெற்றதாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் விரும்பினால் செல்லாததாக்கப்படலாம் என்கிறது பிரிவு 23. இதற்காக நீதிமன்றப் படி ஏறவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே தீர்ப்பாயத்தின் தலைவர். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டிருந்தால்? நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் அதுதானே. பெற்ற மகனிடம் சோறு போடுவாயா என்று எழுதி வாங்கும் தாய் அரிது. நிபந்தனை இருந்தது என்று நிறுவப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், முதியோர் நலனுக்கான சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது அதே நீதிமன்றம். அந்த வழக்கில் மகன் பராமரிப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்துச் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது. மகனுக்கு எழுதிக் கொடுத்தார், மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை. அன்பினால் எழுதித் தரும் பத்திரத்தில், நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டாலும் உள்ளடங்கியே இருக்கிறது என்று நீதிபதிகள் ஏற்றார்கள்.

இந்தத் தீர்ப்பு அறத்தின் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. எதிர்பார்ப்பே இல்லாமல் கோவிலுக்கோ ஏழைக்கோ கொடுப்பது ஒருவகைக் கொடை. குடியிருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளைக்கு எழுதித் தருவது இன்னொரு வகை. அதில் கொடுப்பவர் தன் முதுமையையே ஒருவரிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைத்ததைக் காக்காதவர்தான் நிருகன் கதையைக் கேட்டு அஞ்ச வேண்டியவர். கேட்டுப் பெறும் தாய் அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பிள்ளையின் தூண்டுதலில் இன்னொரு பிள்ளையை வெளியேற்றவும், மருமகளைத் தெருவில் நிறுத்தவும் இதே சட்டத்தைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமையை, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டிப் பறித்துவிட முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வீடு ஒன்று, நியாயம் இரண்டு என்று வரும்போது கோட்டாட்சியர் இருவரையும் பொறுமையாகக் கேட்டாக வேண்டும்.

பிள்ளைகள் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும் பராமரிப்புத் தொகைக்கும் அதே மூத்த குடிமக்கள் சட்டம் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாத்திரைக்கும் மருத்துவருக்குமே அது போதாத வீடுகள் உண்டு. பணத்தை வாங்கித் தரலாம், பத்திரத்தை ரத்து செய்யலாம். ‘சாப்பிட்டாயா அம்மா’ என்று கேட்க வைக்கத் தீர்ப்பாயத்தால் இயலாது. ஆனாலும் தன் பெயருக்குத் திரும்பி வந்த வீட்டில் ஒரு தாய் யாரையும் கேட்காமல் அடுப்பு மூட்டலாம். இனி எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் ஆயுட்கால அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்தில் இரண்டு வரியாகச் சேர்க்கச் சொல்லலாம். பத்திர எழுத்தருக்கு அது கூடுதலாக ஐந்து நிமிட வேலைதான்.