சம்மதமும் கடனும்

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே மின்சார ரயில் நின்று செல்லும் சிறிய நிலையமொன்று, ஊரின் பெயராலன்றி, ஒரு நோயின் நிமித்தம் எழுந்த ஆஸ்பத்திரியின் பெயரால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே இன்றளவும் வழங்கிவருகிறது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே க்ஷயரோகிகளுக்கென ஒரு விடுதியை நிறுவியபோது, நல்ல காற்றும் ஓய்வும் போஷாக்குமே அந்நோய்க்குச் சிகிச்சை என்று உலகம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததும் இதே சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தோன்றிய ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை நெரிசல் மிகுந்த அவரவர் வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, வீட்டில் எளிய உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959-இல் அறிவித்தது. படுக்கை கிடைக்காத ஏழையின் கேள்வியே அங்கே விஞ்ஞானத்தின் கேள்வியாக இருந்தது. விடையும் அவன் வீட்டுத் திண்ணைக்கே திரும்பி வந்தது.

இன்று அதே இருப்புப்பாதையின் இருமருங்கிலும் குடும்பங்களை நிலைகுலையச் செய்வது மாரடைப்பு. வெளிநாட்டுச் சோதனைக்கு ஒரு கட்டம் பின்தங்கியே இங்கே மருந்துச் சோதனை நடக்கவேண்டும் என்றிருந்த விதி 2005-இல் தளர்ந்ததும், இருதய நோயாளிகள் ஏராளமாகவும் செலவு சொற்பமாகவும் உள்ள இந்நாடு, உலகக் கம்பெனிகளின் கண்ணுக்கு விளைநிலமாகத் தோன்றிற்று. சோதனைகளில் நேர்ந்த மரணங்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றன. 2013-இல் நஷ்டஈட்டு விதிகள் வந்தன. சம்மதம் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்ற உத்தரவும் வந்தது.

பதிவு செய்யப்பட்ட சம்மதம் சம்மதமாகிவிடுமா? பெருங்களத்தூரிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்திறங்கும் ஒரு கொத்தனாரை எண்ணிப் பாருங்கள். வேர்வையில் நனைந்து, மூச்சுக்குத் திணறி, பக்கத்தில் செய்வதறியாது நிற்கும் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவரிடம், பல பக்கங்கள் கொண்ட காகிதத்தை வாசித்துக் காட்டி, இதில் சேர்ந்தால் மருந்தும் பரிசோதனையும் இலவசம் என்றும் சொன்னால், அவர் இடும் கையெழுத்து சுதந்திரமான மனத்தின் தீர்மானமா, வேறு வழியற்ற நிலையின் வெளிப்பாடா? சேராவிட்டாலும் அதே வைத்தியம் அதே கரிசனத்தோடு கிடைக்கும் என்ற உறுதியை அவர் உண்மையில் நம்பக்கூடிய இடத்தில்தான் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

ஆகவே ஏழை நாட்டில் சோதனையே கூடாது என்பாரும் உளர். அவர்களுடைய கருணையை மதிக்கலாம், முடிவை ஏற்பதற்கில்லை. 2023 முதல் தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்பு நோயாளிக்கு உடனடியாகத் தரப்படும் மாத்திரைகளில் ஆஸ்பிரினும் ஒன்று. அது மாரடைப்பில் உயிர் காக்கும் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது 1988-இல் வெளியான ஒரு சோதனை; அதற்குத் தம் உடலை ஈடு வைத்தவர்கள் 16 நாடுகளைச் சேர்ந்த 17,187 பேர். நாமும் கடனாளிகளே.

சோதனையிலிருந்து விலக்கப்படுவதும் ஓர் அநீதியே என்பதை இன்னொரு சம்பவம் உணர்த்துகிறது. சிறுவயதில் வரும் வாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கிப்போவது, செல்வ நாடுகளில் அநேகமாக மறைந்து, நம் போன்ற நாடுகளில் நீடிக்கும் வியாதி. ரத்தம் உறையாமல் காக்கும் புதிய மருந்துகளைப் பெருஞ்செலவில் ஆராய்ந்தவர்கள், மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கிய நோயாளிகளைத் தம் சோதனைகளில் சேர்க்கவே இல்லை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு பழைய மருந்தான வார்பரினை விழுங்கவேண்டியிருப்பது கூலிவேலை செய்யும் பெண்ணுக்கு எத்தனை சிரமம் என்று அறிந்தவர்கள், அந்தத் தொல்லையில்லாத புதிய மருந்தே அவளுக்கு உகந்தது என்று எண்ணியது இயல்பே. ஆனால், ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றில் 24 நாடுகளைச் சேர்ந்த நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு, பெரும்பாலும் பெண்களைக் கொண்டு, நடத்தப்பெற்று 2022-இல் வெளியான ‘இன்விக்டஸ்’ சோதனையில், புதிய ரிவாரொக்சாபானை உட்கொண்டவர்களைக் காட்டிலும் பழைய மருந்தை உட்கொண்டவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. இந்தக் கேள்வியை அவர்களைக் கொண்டே கேட்டிராவிட்டால், நல்லெண்ணமே பல உயிர்களைக் குடித்திருக்கும்.

யாருடைய கேள்விக்கு விடை தேடப்படுகிறது, விடை கிடைத்தபின் பலன் யாருக்குச் சேர்கிறது என்ற இரண்டையும் கொண்டே ஒரு சோதனையின் நியாயத்தை அளக்கவேண்டும் என்று தோன்றுகிறது. முதலாவதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய இருதயச் சிகிச்சை நிலையங்களோடும் ஆம்புலன்ஸோடும் இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்த ஆய்வொன்று 2017-இல் வெளியாயிற்று. புது மருந்து எதுவும் அதில் இல்லை; நோயாளி உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்கிறானா என்பதே கேள்வி. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம், ஏற்பாட்டுக்கு முன் 17.6 சதவீதமாக இருந்தது, பின் 14.2 சதவீதமாயிற்று. சேத்துப்பட்டின் மரபு அறுந்துவிடவில்லை.

இரண்டாவதில்தான் மனம் ஆறுவதில்லை. சோதனை முடிந்தபின் அந்த மருந்தை நோயாளிக்கு இலவசமாகத் தருவதற்கு 2019-இன் விதிகள் இடம் வைத்திருக்கின்றன; ஆனால் அவனுடைய நோய்க்கு வேறு சிகிச்சை இல்லாதபோதே அது பொருந்தும். இருதய நோய்க்கோ ஏதாவதொரு மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் உண்டு. ஆகையால், இரண்டு மூன்று ஆண்டுகள் புதிய மருந்தில் தேறியிருந்த ஒருவர், சோதனை முடிந்த மறுநாள் பழைய சீட்டோடு மருந்துக்கடை வாசலில் நிற்கவேண்டிவரலாம். அவருடைய உடலால் ருசுவான மருந்து, அவருடைய நாட்கூலிக்கு எட்டாத விலையில் அதே கடையின் அலமாரியில் இருக்கும். கையெழுத்து வாங்கும் வேளையிலேயே இந்த மறுநாளையும் அவருக்கு விளங்கச் சொல்லி, அதற்கான பொறுப்பைக் கம்பெனி எழுத்தில் ஏற்றாலன்றி, அந்தக் காகிதத்தை அவர்முன் நீட்டும் உரிமை எந்த வைத்தியருக்கும் இல்லை.