நாவறிந்ததும் வாய்சொன்னதும்

அறுசுவை என்று சொல்லியே உணவைப் பழகியவர்கள் நாம். அவற்றுள் துவர்ப்பும் ஒன்று. கொட்டைப்பாக்கை மென்றவர்க்கும் பிஞ்சு வாழைக்காயைக் கடித்துப் பார்த்த சிறுவர்க்கும் அதனை விளக்க வேண்டுவதில்லை. மேனாட்டு அறிஞரோ துவர்ப்பை நாவின் சுவைகளுள் வைத்து எண்ணுவதில்லை. வாயின் உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும் ஒருவகைத் தொடுவுணர்ச்சி என்றே பெரும்பாலும் கொள்வர். சிவப்பு ஒயினை முதன்முதல் வாயில் வைக்கும் மேனாட்டார்க்கு 'டானின்' என்னும் சொல்லைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ அது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலேயே இருந்தது. இந்தப் பெருமிதத்தோடுதான் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரித் திங்களில், மும்பையில் வாழும் ஐந்து தமிழ்க் குடும்பத்தினர் நாசிக் நகரத்திற்குப் புறப்பட்டோம்.

ஒயினைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவதா என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் இருப்பார்கள். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை மறந்துவிட்டு நாம் எழுதவில்லை. நாம் பேச வந்தது குடித்து மயங்குவதைப் பற்றியன்று. சுவைத்து அறிவதைப் பற்றி. ஒயினைச் சுவைத்துத் தரம் பிரிப்பதையே தொழிலாகக் கொண்டோர், மதி மயங்காதிருக்கும் பொருட்டு அதனை விழுங்காமல் அருகிலுள்ள கலத்தில் உமிழ்ந்துவிடுவர். மேலும், இப்பொருள் தமிழர்க்கு முற்றிலும் புதிதும் அன்று. யவனர் கொணர்ந்த தேறலை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் குறிக்கிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், அத்தகைய தேறலை ஏற்றிவந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்நாளில் யவனர் மரக்கலங்கள் திரும்பிச் செல்கையில் கொண்டு சென்ற பொருள்களுள் மிளகு தலையாயது. இந்த மிளகை வாசகர் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

நாசிக், மும்பையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உண்ணும் திராட்சைக்கு முன்பே பெயர் பெற்ற ஊர். மகாராட்டிர அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனக் கொள்கை ஒன்றை வகுத்தபின் ஒயின் ஆலைகள் அங்கே பெருகின. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் அறுவடை, மழையையும் கோடையையும் தவிர்க்க வேண்டி, இங்கே சனவரி முதல் மார்ச்சு வரை நடக்கிறது. நாம் சென்றபோது கொடிகளில் குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

மராட்டிய இளம்பெண் ஒருத்தி எமக்கு ஆசிரியையாக வாய்த்தாள். கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும். உடலில் பிடித்தால் கையின் சூடு ஏறிவிடும். வெள்ளைத்தாளின் மேல் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். அதன் பிறகே ஒரு மிடறு. மூக்கை அடைத்துக்கொண்டு குடித்தால் சுவையென்று நாம் கருதுவதில் பெரும்பகுதி மறைந்துவிடும் என்று அவள் செய்து காட்டினாள். மெய்தான், சளி பிடித்த நாளில் இரசம் வெந்நீராவதை யார் அறியார்! துவர்ப்பு வந்தபோது நாம் முந்திக்கொண்டு பெயர் சொன்னோம். அவளும் பாராட்டினாள். அந்தப் பாராட்டுத்தான் வினையாயிற்று.

அடுத்து 'ஷிராஸ்' என்னும் திராட்சையின் ஒயின் வந்தது. "மிளகு மணக்கிறதா?" என்று கேட்டாள். வட்டமாக நின்றவர் அனைவரும் தலையசைத்தனர். எமக்கு மிளகும் மணக்கவில்லை, வேறெதுவும் மணக்கவில்லை. நாமும் தலையசைத்தோம். அப்போது பக்கத்தில் நின்ற நண்பர் மகள், மும்பையிலேயே பிறந்து வளர்ந்த 23 அகவைப் பெண், தாழ்ந்த குரலில் கேட்டாள்: "மாமா, உங்களுக்கு உண்மையிலேயே மிளகு வாசனை வருகிறதா?"

"வருகிறதே! உனக்கு வரவில்லையா?" என்றோம்.

வருகிறது என்றது ஒரு பொய். உனக்கு வரவில்லையா என்றது அதனினும் பெரிது. அவள் மீண்டும் கோப்பையை முகர்ந்தாள். பிறகு ஒன்றும் பேசவில்லை.

வீடு திரும்பியபின் இது உறுத்திக்கொண்டே இருந்தது. எம்மைத் தேற்றிக்கொள்ள முதலில் ஒரு வழி தேடினோம். இந்தச் சுவைஞர் பேச்சே வெறும் பாசாங்கு அன்றோ? அதற்குச் சான்றும் உண்டு. பிரான்சு நாட்டின் போர்தோ நகர ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை, ஒயின்கலை பயிலும் 54 மாணவர்க்குக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதனை அவர்கள் வருணித்தார்கள். கலிபோர்னியாவில் 2008-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஒயினை 5 டாலர் என்றும் 45 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடியதே சுவை கூடியதாகத் தோன்றிற்று. ஆகவே எல்லாம் பொய், எமது பொய்யும் அதில் ஒரு துளி என்று முடிவு கட்டிவிடலாம்.

ஆனால் அவ்வாறு முடிவுகட்ட இயலவில்லை. பெயர்ச்சீட்டை மறைத்து 1976-இல் பாரிசில் நடந்த போட்டியொன்றில், பிரெஞ்சு நடுவர்களே தம்மை அறியாமல் கலிபோர்னிய ஒயின்களுக்கு முதலிடம் அளித்தார்கள். பெயரும் விலையும் மறைந்தபின் நா உரைத்த தீர்ப்பு அது. 'டான் குயிக்ஸோட்' நூலில் வரும் கதையொன்றை டேவிட் ஹியூம் என்னும் தத்துவ அறிஞர் 1757-இல் எடுத்து ஆண்டிருக்கிறார். ஒரு பீப்பாய்த் தேறலைச் சுவைத்த உறவினர் இருவருள் ஒருவர் தோல் வாடை என்றார். மற்றவர் இரும்பு வாடை என்றார். ஊரார் இருவரையும் எள்ளினர். பீப்பாய் வெறுமையானபோது அடியில் கிடந்தது, தோல்வாரில் கட்டிய ஒரு சாவி! சுவையில் மெய்யென ஒன்று உண்டு என்பதற்கு ஹியூம் காட்டும் சான்று இது.

மிளகுக்கும் அவ்வாறே ஒரு சாவி கிடைத்திருக்கிறது. ஷிராஸ் ஒயினின் மிளகு மணத்திற்குக் காரணமான 'ரோட்டண்டோன்' என்னும் பொருளை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டறிந்தார்கள். நம் மிளகிலும் அதே பொருள் இருக்கிறது. ஆகவே அந்தப் பெண் சொன்னது கற்பனையன்று. அவ்வாய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதன் மணம் சிறிதும் புலப்படவில்லை. பயிற்சியின்மையாலன்று, மூக்கின் அமைப்பே அவ்வாறு. எத்தனை பேரறிஞராயினும் அவர் சொல்லக்கூடிய ஒரே மெய், "எனக்கு வரவில்லை" என்பதுதான்.

வேறொரு பொய்யையும் இங்கே சொல்லியாக வேண்டும். மும்பைக்கு வந்த புதிதில், அண்டை வீட்டு மராட்டிய அம்மையார் சோல்கடி கொண்டுவந்து தந்தார். கோக்கம் புளியும் தேங்காய்ப்பாலும் பூண்டும் கலந்த இளஞ்சிவப்புப் பானம். தொண்டைக்குள் இறங்க மறுத்தது. "மிக நன்றாயிருக்கிறது" என்றோம். இன்று கோடையில் அது இல்லாமல் எம் வீட்டில் நண்பகல் உணவு இல்லை. அன்று சொன்ன பொய் எந்த ஆண்டில் மெய்யாயிற்று என்று கணக்கிட முடியவில்லை. அயலூரில் குடியேறிய குடும்பம் ஒவ்வொன்றும் இத்தகைய பொய்கள் சில சொல்லித்தான் வேர் பிடித்திருக்கும். தீங்கற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இதற்கு இடம் தந்திருக்கிறார்.

நாசிக்கில் சொன்னதற்கு அந்த இடம் கிடைக்குமா? சோல்கடியைப் புகழ்ந்தது கொடுத்தவர் மனம் குளிர. மிளகை முகர்ந்ததாகச் சொன்னது எம் மதிப்பு குறையாதிருக்க. அம்மையாரை நாம் ஏமாற்றியதால் அவர் தம் நாவை ஐயுறவில்லை. இப்பெண்ணோ தன் மூக்கை ஐயுற்றாள். கற்கத் தொடங்குபவரிடம் உள்ள ஒரே கருவி தன் புலன். அதன்மேல் அவர் வைத்த நம்பிக்கையை, மூத்தவர் என்னும் உரிமையில் நாம் அசைத்துவிட்டோம். கச்சேரியில் தாளம் தப்பிப் போடும் பெரியவரைப் பார்த்துத் தாமும் தப்பிப் போடும் பிள்ளைகளைக் கண்டதில்லையா!

சென்ற திங்கள் அவளைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னோம். சிரிப்பாள் என்று எண்ணியிருந்தோம். சற்று நேரம் பேச்சில்லை.

"நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் வந்த மாதிரி இருந்தது, மாமா. அது தானாக வந்ததா, நீங்கள் சொன்னதால் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை" என்றாள்.

வரும் பிப்ரவரியில் மீண்டும் நாசிக் செல்வதாக இருக்கிறோம். இம்முறை அவள் முதலில் முகர்ந்து சொல்வதென்றும், அதுவரை நாம் வாய் திறப்பதில்லை என்றும் ஏற்பாடு.