ஓர் இரவு போதுமா?

காஞ்சி நகரை ஒட்டியது ஓரிக்கை. அப்பெயருக்குப் புராணிகர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மன்னனைப் பாட மறுத்த கணிகண்ணன் நாடு கடத்தப்பட்டானாம். அவனுடைய ஆசான் திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டாராம். ஆழ்வார் அழைக்க, ஆண்டவனும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம்! மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அது மருவி ஓரிக்கை. பாய் சுருட்டும் கடவுளை நாம் நம்பவில்லை. ஆயினும் அப்பெயர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது: ஓர் இரவு தங்கிப் போகிறவனுக்கு ஊர் விளங்குமா?

கல்விச் சுற்றுலா என்று பேருந்துகளில் மாணவர் வருகின்றனர். கோபுரம் காண்கின்றனர், மணிமண்டபம் காண்கின்றனர், கடையிலே பட்டும் காண்கின்றனர். தறியை யார் காண்கிறார்? கண்டாலும், படம் எடுத்துக்கொண்டு அடுத்த கோயிலுக்கு விரைகின்றனர்.

ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய இளைஞனோ வேறொன்று கேட்கிறான்: "என் தெருவே இருண்டு கிடக்கையில் எனக்கேன் பயணம்? நான் யாருக்குத் தொண்டு செய்வது?" கேலி பேசித் தள்ளத்தக்க கேள்வியன்று இது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் இக்கேள்வியை நேரில் சந்தித்தவர்கள்.

1935இல் ஹோவர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹோவர்டு தர்மன், மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் அழைப்பின் பேரில், நால்வர் குழுவுக்குத் தலைமை தாங்கி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவரை ஒருவர் மடக்கினார்: உம் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், அந்த மதத்தின் பெயரால் நீர் இங்கு வந்து நிற்பது எப்படி? போதிக்க வந்தவர் பதில் சொல்ல வேண்டியவரானார்! அந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் சுமந்து, 1949இல் வெளிவந்த நூலில் விடை தேடினார் தர்மன். அவர் கண்ட விடை நமக்கு உடன்பாடன்று. கேள்வியை ஒளிக்காத நேர்மை உடன்பாடே.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரம் வந்தார். தீண்டப்படாதார் எனப்பட்டோரின் பிள்ளைகள் பயின்ற பள்ளியிலே, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவின் தீண்டப்படாதார் என்று அறிமுகம் செய்தாராம். கிங் முதலில் திடுக்கிட்டார். பின்னர், சேரிகளில் அடைபட்டுக் கிடந்த இரண்டு கோடிக் கறுப்பின மக்களை எண்ணி, 'ஆம், நானும் அவ்வாறே' என்று உணர்ந்தார். பின்னாளில் அவரே சொன்ன செய்தி இது. பிறர் விலங்கைக் காண வந்தவர் தம் விலங்கின் பெயரைக் கற்றுத் திரும்பினார்.

அதற்கு முந்திய ஆண்டு, 1958இல், ஜேம்ஸ் ராபின்சன் என்னும் கறுப்பினப் பாதிரியார், கறுப்பு மாணவரையும் வெள்ளை மாணவரையும் ஒருங்கே ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் அந்நாட்டு மாணவரோடு தங்கி, சேர்ந்து உழைத்தனர். மேலே நின்று கொடுப்பது தானம். அதற்குப் புண்ணியக் கணக்கு உண்டு. பக்கத்தில் நின்று மண் சுமப்பது தொண்டு. கடல் கடந்தால் தீட்டு என்று விதித்தவர்களுக்கு இந்த வேற்றுமை விளங்காது. அந்த விதியை மதியாது, 1931 டிசம்பரில் கப்பலேறிய பெரியார் சோவியத் நாட்டையும் கண்டு, மறு ஆண்டு திரும்பினார். அதன்பின் அவரது பேச்சில் பொதுவுடைமை ஓங்கி ஒலித்ததை நாடறியும்.

இனி, நம் தறிக்கு வருவோம். கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒன்றோடொன்று கோக்கப்படும். அதற்கு நெசவாளி ஒருவர் போதாது. கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தது யார்? சிறுவர், சிறுமியர்! பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தது. எனினும் 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை காஞ்சித் தறிகளில் அந்தக் கொடுமையை எடுத்துரைத்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் செய்த திருத்தமோ, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று வாசலைச் சற்றே திறந்து வைத்திருக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவன் கண்ணில் குழித்தறி படுமா?

1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் நம் மாணவர் ஏழு நாள் முகாம் போடுகின்றனர். அந்த ஏழு நாளும் குப்பை பொறுக்கிப் படம் பிடித்துக் கழிய வேண்டுமா? ஒரு தறி வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் அமரட்டும். சேலைக்குக் கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, இரண்டாவது இடத்தில் இன்று யார் என்று கேட்கட்டும். நெசவாளியும் திருப்பிக் கேட்பார்: "தம்பி, உன் அப்பாவுக்கு என்ன தொழில்? நீ எதற்கு இங்கே வந்தாய்?" கொழும்பில் தர்மன் எதிர்கொண்ட அதே கேள்வி!