நல்லெண்ணம் மட்டும் போதுமா?



அழிந்துவரும் உயிர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். பிள்ளைகள் புலியை வரைகிறார்கள். யானைக்கு வர்ணம் தீட்டுகிறார்கள். நல்லதுதான். ஆயினும், அழகானதை நேசிக்க எவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எவரும் நேசிக்காத ஒரு பிராணியைக் கொண்டு பாடத்தைத் தொடங்கினால் என்ன? பிணந்தின்னிக் கழுகைத்தான் சொல்கிறோம். பாறு என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர்.

ஆயிரம் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் ஒரே ஒரு கொட்டையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அள்ளிவிடுங்கள். இந்தியாவில் 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில், 2007-இல் ஏறக்குறைய ஒன்றே மிஞ்சியதாகக் கணக்கெடுத்தவர்கள் கண்டார்கள். புத்தகத்தில் வாசித்தால் இது வெறும் எண். தன் கையால் எண்ணிய பிள்ளையோ இதை எளிதில் மறக்காது.

உடனே பிள்ளை கேட்கும்: "இவற்றை யார் கொன்றார்கள்?"

இங்கேதான் பெரியவர்கள் நிதானிக்க வேண்டும். துப்பாக்கி எடுத்தவர் எவருமில்லை. நோயுற்ற மாட்டின் வலி தீர டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். சில மாடுகள் அப்படியும் இறந்தன. உடலை வழக்கம்போல ஊருக்கு வெளியே போட்டார்கள். அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டு, சில நாட்களில் அவை மடிந்தன. இதுதான் காரணம் என்பது 2004-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட பிறகே உலகுக்குத் தெரிந்தது.

மாட்டின்மேல் இரக்கப்பட்ட அந்த விவசாயி குற்றவாளியா? அல்ல. அவர் அறியாமல் செய்தார். அவருடைய மனச்சாட்சி அவரைக் குற்றஞ்சாட்டாது. ஆனால் அவருடைய நல்லெண்ணத்தால் ஒரு பாறுகூடப் பிழைக்கவில்லை என்பதும் உண்மை. இரக்கப்படுகிறவன் தன் செயலின் விளைவு எதுவரை போகிறது என்று விசாரித்து அறியவும் கடமைப்பட்டவன். இதைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே உணர வேண்டும்.

அறிந்த பின்போ கணக்கு வேறு. கால்நடைகளுக்கு இம்மருந்தை உற்பத்தி செய்வதற்கு அரசு 2006-இல் தடை விதித்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாமல் மாட்டின் வலியைத் தணிக்கும் மெலாக்சிகாம் என்ற மருந்தும் கிடைக்கிறது. அப்படியிருந்தும், மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தினார்கள். ஆகவே 2015-இல், ஒரு வேளைக்கான 3 மில்லி குப்பிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. இதே தீங்கு செய்யும் வேறு இரண்டு கால்நடை மருந்துகள் 2023-இல் தடை செய்யப்பட்டன. இனியும் தெரியாது என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

"பிணம் தின்னும் பறவைக்கு இத்தனை பாடா?" என்று சிலர் கேட்கலாம். இறந்த மாட்டை விரைவில் தின்று ஊரைச் சுத்தம் செய்தது அதுவே. அது குறைந்ததும் தெருநாய்கள் அந்த இரைக்குக் கூடின. ஆனால் இந்தப் பிரயோசனத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பயனுள்ளதே வாழலாம் என்று பிள்ளை கற்றால், நாளை படுக்கையில் கிடக்கும் தாத்தாவையும் அதே தராசில் நிறுத்தும். சர்வேசுரன் நம்மைக் கேட்டு எதையும் சிருஷ்டிக்கவில்லை.

வீட்டுப்பாடமாக, பாறுகளைக் கண்டதுண்டா என்று பாட்டி தாத்தாவிடம் பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். மாடு வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகள், மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வரட்டும்.

நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். மறுநாள் வகுப்பில் அந்த ஒற்றைக் கொட்டையோடு இன்னொன்றைச் சேர்த்து வையுங்கள். அதை ஒரு ஜோடி என்று கொண்டால், மூன்றாவது கொட்டையை வைக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆயிரத்தை எட்ட எத்தனை காலம் ஆகும் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.